பொம்பெயிக்கு முன்னால் மியூசியத்துக்குப் போங்கள்

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் மூன்று நான்கு நாள் தங்கப் போகிறவர்களுக்கு இது. ரோமில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் ரயிலேறி பொம்பெயியைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்று நிறையப் பேர் திட்டம் போடுகிறார்கள். முடியும்தான், ஆனால் வெயிலில் மொட்டைச் சுவர்களைப் பார்த்து அலுத்துப்போய் "இவ்வளவுதானா?" என்று கேட்டபடி வருவார்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த ஊரை 1748இலிருந்து தோண்டிவருகிறார்கள். அங்கே கிடைத்த நல்ல ஓவியம், மொசைக், பாத்திரம் பண்டம் எல்லாம் பெரும்பாலும் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதனால் முதல் நாள் மியூசியம், மறுநாள் பொம்பெயி. மியூசியத்தில் பார்த்ததை வைத்து அந்தக் காலி வீடுகளை நீங்களே மனதில் நிரப்பிக்கொள்ளலாம்.

மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இத்தாலியில் பல இடங்களில் திங்கள்தான் லீவு என்பதால், செவ்வாய் திறந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு போய்ப் பூட்டிய கதவு முன்னால் நின்றிருக்கிறேன். கீழ்த்தளத்தில் இருக்கும், ஃபார்னீஸ் என்ற பிரபுக் குடும்பம் சேர்த்த சிலைகள் பிரமாதம், ஆனால் அவை ரோமிலிருந்து வந்தவை, பொம்பெயிக்காகப் போகிறவர் முதலில் மாடி ஏறுவது நல்லது, இல்லாவிட்டால் பாதி நாள் அங்கேயே போய்விடும்.

மேலே 'ரகசிய அறை' என்று ஒரு பகுதி உண்டு. பாலியல் படங்களும் சிலைகளும் இருக்கிற இடம், பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். நாம் தேடிப் பார்க்க வேண்டியதும் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது: ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேலே, தந்தத்தில் செதுக்கிய இந்தியப் பெண் உருவம். 1938இல் பொம்பெயியில் கிடைத்தது. லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள், யட்சி என்று சொல்கிறவர்களும் உண்டு. அரிக்கமேட்டில் ரோமானிய மது ஜாடிகளும் கொங்குப் பக்கம் ரோமானியக் காசுகளும் கிடைத்ததைப் படித்திருப்போம், இது அந்த வணிகத்தில் இந்தியாவிலிருந்து அங்கே போன சரக்கு.

சரி, மறுநாள். நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்தில் சர்க்கும்வெசூவியானா ரயில், சொரெண்டோ போகிற வண்டி. 'பொம்பெயி ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி' என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள், வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. பொம்பெயி என்ற பெயரில் வேறு ஸ்டேஷன்களும் இருப்பதால் முழுப்பெயரையும் பாருங்கள். நம்மூர் மின்சார ரயில் மாதிரிதான் நெரிசல், பர்ஸை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டிலும் பெயர் இருக்கும். ஆகவே முன்பே வாங்கிவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஓசி என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். 30×30×15 சென்டிமீட்டருக்குப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள்.

செருப்பு வேண்டாம், ஷூதான். தெரு முழுக்க மேடும் பள்ளமுமான எரிமலைக் கல், வண்டிச்சக்கரம் ஓடித் தேய்ந்த தடம் இன்னும் இருக்கிறது, அதில் கால் பிசகினால் பயணமே போச்சு. நிழல் அபூர்வம், தொப்பி கட்டாயம். காலி பாட்டில் கொண்டு போனால் போதும், உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. அறுபது ஹெக்டேருக்கு மேல் பரந்த ஊரை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஃபாரம் என்ற ஊர்ச் சதுக்கத்தில் எல்லாரும் குவிவார்கள், நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு நேராக மறுகோடியில் இருக்கும் ஆம்ஃபிதியேட்டருக்கு நடப்பேன். வழியில் கல் மேடையில் பானை பதித்த சாப்பாட்டுக் கடைகள் வரும், நின்று பாருங்கள். 'ஃபான் வீடு' என்ற பழைய மாளிகையின் தரையில் இருக்கும் அலெக்சாண்டர் மொசைக் நகல்தான், அசல் மியூசியத்துக்குச் சொந்தம். உடல்கள் மக்கிப்போய்ச் சாம்பலில் விட்ட பொந்துகளில் சாந்து ஊற்றி எடுத்த மனித உருவங்களும் உண்டு, 1863இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி தொடங்கிய முறை. அவற்றின் முன் செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

காலில் தெம்பிருந்தால் இன்னொரு நாள் அதே ரயிலில் எர்கொலானோ, அதே வெடிப்பில் புதைந்த இன்னொரு ஊர். அரை நாள் போதும், கூட்டமும் குறைவு, கரியாகிப்போன மரக்கதவும் உத்தரமும்கூட மிஞ்சியிருக்கின்றன. ஸ்டேஷனிலிருந்து நேரே கீழே இறங்கினால் பத்து நிமிடம்தான், திரும்பும்போது மட்டும் மேடு ஏறணும்.