கொழுப்பு குறைந்த கோழிக் கொத்துக்கறிக்கு ருசி ஏற்ற

கொழுப்பு குறைந்த கோழிக் கொத்துக்கறி சீக்கிரம் வறண்டு சப்பென்று ஆகிவிடும். அரை கிலோவுக்கு நான் ஒரு வெங்காயத்தைத் துருவிச் சாறோடு சேர்ப்பேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், உப்பு கொஞ்சம் குறைவாக. பொடியாக நறுக்கி வதக்கிய காளானும் இருந்தால் இன்னும் நல்லது, கறிக்கே ஒரு கனம் வரும். அழுத்திப் பிசையாதீர்கள், இறுகிவிடும்.

அப்புறம் வாணலி. அது நன்றாகக் காயட்டும். கறியைப் பரப்பி மூன்று நான்கு நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடியில் பிடிக்கும் பழுப்பில்தான் ருசியே இருக்கிறது. மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும், இரண்டு தடவையாகப் போடுங்கள். உருண்டையாகவோ தட்டையாகவோ செய்தால், நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி எலுமிச்சை பிழியுங்கள்.