டீம்ஸோடு சிப் ப்ராக்ஸியை இணைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸ். பழைய போன் லைனை மைக்ரோசாஃப்ட் டீம்ஸோடு இணைக்க, நடுவில் கமைலியோ என்ற மென்பொருளை சிப் ப்ராக்ஸியாக வைத்தோம். சிப் என்பது இணையவழி அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் செய்தி முறை, ப்ராக்ஸி அந்தச் செய்திகளைக் கடத்தும் இடையாள். இணைப்பு உயிர்பெறவே இல்லை. இரண்டு நாள் ஃபயர்வாலைக் குடைந்த பிறகுதான் தெரிந்தது, ப்ராக்ஸி தன் பெயரைச் சொல்லாமலே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

டீம்ஸ் நம்மை ஐபி எண்ணால் அறிவதில்லை, முழு டொமைன் பெயரால்தான் அறியும். எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, டிஸ்பேச்சர் என்ற கமைலியோவின் பகுதி அவ்வப்போது ஆப்ஷன்ஸ் என்ற செய்தியை அனுப்பும். அனுப்புகிறவரின் முகவரியைச் சொல்லும் கன்டாக்ட் வரி அதில் தானாக வராது. நாம்தான் டொமைன் பெயரோடும் 5061 என்ற போர்ட்டோடும் அதைச் சேர்க்க வேண்டும். உள்வீட்டு ஐபியைப் போட்டாலும் பயனில்லை.

அதைச் சரிசெய்ததும் மணி அடித்தது. ஆனால் பெரிய கிளாக்கர் ஐயா, "எடுத்துப் பேசுறேன் தம்பி, அரை நிமிசத்துல கட்டாகுது" என்றார். அந்த அரை நிமிடமே துப்பு. அழைப்பை எடுத்த போன், எடுத்துவிட்டேன் என்று 200 ஓகே அனுப்பிவிட்டு, அது கிடைத்தது என்று அழைத்தவர் பக்கம் சொல்லும் ஏசிகே வரும்வரை காத்திருக்கும். 32 வினாடிக்குள் வராவிட்டால் துண்டித்துவிடும். அடுத்தடுத்த செய்திகள் எந்த வழியாக வர வேண்டும் என்று சொல்லும் ரெக்கார்ட்-ரூட் வரியில் நாங்கள் ஐபியை விட்டு வைத்திருந்ததால் ஏசிகே திரும்பும் வழி தெரியாமல் நின்றது. அங்கேயும் டொமைன் பெயரை எழுதினோம், அழைப்பு நிலைத்தது. கன்டாக்டைத் திருத்துகிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள், தயவுசெய்து இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

அடுத்தது, இந்த டொமைன் நம்முடையதுதான் என்று காட்டும் டிஎல்எஸ் (மறையாக்க இணைப்பு) சான்றிதழ். நாமே தயாரித்த சான்றிதழை டீம்ஸ் ஏற்காது. பொதுவில் நம்பப்படும் நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும், நம் சான்றிதழை அந்த நிறுவனத்தோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்தே வைக்க வேண்டும். இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் என்றால் வழக்கமாக 90 நாள் கணக்கு. புதுப்பித்த பிறகு கமைலியோவில் டிஎல்எஸ்ஸை ரீலோட் செய்யாவிட்டால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

மலையகத்தில் இன்னொன்றும் உண்டு. இடி மழையில் கரண்ட் போய் வரும்போது, கடிகார பேட்டரி இல்லாத சின்னக் கணினி பழைய தேதியோடு எழும்பும். தேதி தவறினால் சான்றிதழும் செல்லாது. ஆகவே நேரம் சரியான பிறகுதான் கமைலியோ தொடங்கும்படி வையுங்கள், யூபிஎஸ்ஸும் போடுங்கள்.

ப்ராக்ஸி குரலைச் சுமக்காது, செய்திகளை மட்டும் கடத்தும். டீம்ஸ் பக்கம் குரல் எஸ்ஆர்டிபியாக, அதாவது மறையாக்கத்தோடு வரும், உள்ளே பழைய போன்கள் மறையாக்கம் இல்லாத வெறும் ஆர்டிபி பேசும். இரண்டையும் மாற்றித் தரும் ஆர்டிபிஎன்ஜின் என்ற மென்பொருள் நடுவில் இல்லாவிட்டால் பேச்சு நடக்காது.

அப்புறம் எண்கள். ஹட்டனின் 051ஐ அப்படியே அனுப்பாதீர்கள். பூச்சியத்தை எடுத்துவிட்டு +9451 என்று தொடங்குங்கள், நுவரெலியாவின் 052 என்றால் +9452.