கட்டுக்கடங்காமல் ஓடும் டெர்மினலை மீட்கும் முறை

திருப்பூரின் பனியன் கம்பெனி ஒன்றில், பார்கோடு பிரிண்டரின் யுஎஸ்பி வயர் சற்றுத் தளர்ந்தாலே போதும். லினக்ஸ் சர்வரின் டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடிக்கும் திரையில், 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்ற வரி விடாமல் ஓடத் தொடங்கி, நாம் அடிக்கும் கட்டளையை நடுவில் வெட்டிக்கொண்டே இருக்கும். அதற்காகப் பவர் பட்டனை அழுத்தி மெஷினை அணைத்துவிடக் கூடாது. சரக்குக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸும் பாதியில் நின்றுவிடும்.

திரையில் என்ன தெரிந்தாலும், நாம் அடிக்கும் எழுத்துகள், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்கு முழுமையாகவே போய்ச் சேருகின்றன. இது தெரிந்தால் பாதிப் பதற்றம் தணிந்துவிடும். ஆகவே கண்ட்ரோல்+யூ அழுத்தி, பாதியில் நிற்கும் வரியை அழித்துவிட்டு, திரையைப் பாராமல் கட்டளையை நிதானமாக அடித்து என்டர் தட்டுங்கள்.

எந்தக் கட்டளை என்பது, செய்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. நாம் ஓட்டிய நிரலே கொட்டுகிறது என்றால் கண்ட்ரோல்+சி போதும். எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் மூலம் நுழையும் முறை) வழியாக வேலை செய்யும்போது, நிரல் நின்ற பிறகும் வழியில் தேங்கியிருந்த வரிகள் சற்று நேரம் வந்துகொண்டிருக்கும், பொறுத்திருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கண்ட்ரோல்+இசட் அழுத்தி இடைநிறுத்தி, 'ஜாப்ஸ்' காட்டும் எண்ணுக்கு முன் % குறியிட்டு 'கில்' கட்டளை கொடுக்கலாம். பின்னணியில் ஓடும் நிரலைக் கண்ட்ரோல்+சி தொடாது. 'எஃப்ஜி' என்று அடித்து அதை முன்னால் கொண்டுவந்த பிறகே கண்ட்ரோல்+சி மூலம் நிறுத்த முடியும்.

வரியின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் விநாடிக் கணக்கு இருந்தால், பேசுவது பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல். மேற்சொன்ன எதுவும் அதைக் கட்டுப்படுத்தாது. டி, எம், இ, எஸ், ஜி என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையை 'மைனஸ் என் 1' என்ற குறிப்புடன், ரூட் (நிர்வாகி) உரிமையில் கொடுத்தால், மிக அவசரமானவை தவிர மற்ற செய்திகள் கன்சோலுக்கு, அதாவது சர்வரின் நேரடித் திரைக்கு, வருவது நின்றுவிடும். அவை பதிவாகிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், தளர்ந்த வயரைப் பிறகு நிதானமாகத் தேடிப் பிடிக்கலாம். பக்கத்தில் இன்னொரு கணினி இருந்தால், அதிலிருந்து எஸ்எஸ்எச் மூலம் நுழைவது இன்னும் எளிது. கர்னல் செய்திகள் பொதுவாக அங்கே வந்து குறுக்கிடுவதில்லை.

பைனரி (எழுத்து வடிவில் இல்லாத) ஃபைலைத் தவறுதலாகத் திறந்ததால் எழுத்துகள் குறிகளாக மாறிப்போனால் 'ரீசெட்' என்று அடியுங்கள். பின்னணி நிரல்கள் அடிக்கடி தொல்லை தருகின்றன என்றால், 'எஸ்டிடிஒய் டூஸ்டாப்' (stty tostop) என்று முன்கூட்டியே கொடுத்துவிடலாம். அதன்பின் திரையில் எழுத முயலும் பின்னணி நிரல் அந்த இடத்திலேயே நின்று, நீங்கள் முன்னால் அழைக்கும்வரை காத்திருக்கும்.