தாராள விதியைத் தேடிப் போய் வெறும் கூடையோடு திரும்புவது

பொழுதுபோக்காகத் தூண்டில் போட வரும் புதியவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். லைசென்ஸ் எடுக்காதது, தடைக்காலத்தில் வீசுவது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. ஒருமுறை அபராதம் கட்டினால் அதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். இங்கே சொல்வது, விதியை மீறாமலே செய்யும் தவறுகளை.

விதி தளர்வாக இருக்கும் இடத்துக்கே ஓடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு ஏரியில் ஒரு நாளைக்கு ஆளுக்கு 2 மீன், அதுவும் குறிப்பிட்ட நீளத்துக்குள் இருந்தால் மட்டும். பக்கத்து ஏரியில் 10 மீன், நீளக் கணக்கே இல்லை. புதியவர் 10 பெரியது என்று முடிவு கட்டிவிடுவார்.

அப்படி இரண்டு பையன்கள் வந்து கேட்டார்கள். முதல் ஏரிக்குப் போங்கள் என்றேன். "ரெண்டு மீனுக்கா அண்ணே இவ்வளவு பெட்ரோல்?" என்று சிரித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனார்கள். கரை முழுக்கக் கூட்டம். கிடைத்ததெல்லாம் விரல் நீளக் குஞ்சுகள். அதோடு விட்டார்களா? இரைதான் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்த வாரமும் அங்கேயே போனார்கள்!

நாள் வரம்பு என்பது அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான். அவ்வளவு கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பெரும்பாலானோர் பெரும்பாலான நாட்களில் அதைத் தொடுவதே கிடையாது. தவிர, அது ஒரு ஆளுக்கான வரம்பு. எத்தனை ஆள் வரலாம் என்பதற்கு வரம்பில்லை. நீங்கள் படித்த அதே விதிப் பக்கத்தை எல்லோரும் படித்துவிட்டு வருகிறார்கள். ஒரு ஏரியில் விதியை இறுக்கினால் அங்கிருந்த கூட்டமும் பக்கத்து ஏரிக்கு நகரும். பெரிய மீன்கள்தான் முதலில் காலியாகும்.

இறுக்கமான விதி என்றாலே நல்ல இடம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல மீன் இருப்பைக் காக்கவும் இறுக்குவார்கள், சரியும் இருப்பைத் தூக்கி நிறுத்தவும் இறுக்குவார்கள். ஏன் போட்டார்கள் என்று படியுங்கள்.

அமெரிக்க அட்லாண்டிக் கடலோரத்தில் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனுக்கு 28 முதல் 35 அங்குலம் வரை, ஆளுக்கு ஒன்று என்றிருந்தது. 2015இல் பிறந்து ஏராளமாகப் பிழைத்த கூட்டம் வளர்ந்து அந்த நீளத்துக்குள் நுழைந்தது. 2022இல் தூண்டில்காரர்கள் எடுத்துப்போன மீன் முந்தைய ஆண்டைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. 2023 மே மாதம் அவசரமாக மேல் வரம்பை 31 அங்குலமாக்கினார்கள். நாலு அங்குலம் போச்சே என்று புலம்பியவர்கள் உண்டு. காரணத்தைப் படித்தவருக்கோ, எந்த வயது மீன் அந்தக் கரையோரம் நிறைய இருக்கிறது என்ற துப்பே அதில் கிடைத்தது. பிடித்துத் திரும்ப நீரிலேயே விடுவதில் ஆசை உள்ளவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆழத்தில் பிடித்துவிட்டு "சின்னதென்றால் விட்டுவிடலாம்" என்பது

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்ப்பரப்பில் இருப்பதைப் போல இரு மடங்கு. அங்கிருந்து சட்டென்று இழுத்தால் மீனின் காற்றுப்பை உப்பிவிடும். பல இனங்களால் அந்தக் காற்றை உடனே வெளியேற்ற முடியாது. வயிறு மேலே தெரிய மிதக்கும், பறவை கொத்தும். சட்டப்படி நீங்கள் விட்டுவிட்டீர்கள், மீன் செத்துவிட்டது. பிடிபடுவதில் பாதிக்கு மேல் திருப்பி விட வேண்டிய அளவில் இருக்கும் என்று தெரிந்தால், ஆழம் குறைந்த இடமாகப் பாருங்கள்.

அளக்கும் முறையைப் படிக்காதது

மீனின் நீளத்தை வால் நுனி வரை அளப்பதா, வால் இரண்டாகப் பிரியும் கவட்டை வரையா? அந்த இடத்து விதி எதைச் சொல்கிறது என்று பாருங்கள்.

வருடத் தொடக்கத்தில் படித்ததே போதும் என்றிருப்பது

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கோடையில் ஆற்று நீர் சூடேறினால் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை சில பகுதிகளை மூடிவிடுவார்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு; போராடிக் களைத்த ட்ரவுட் மீன் தேறுவது கடினம். அச்சிட்ட விதிப்புத்தகத்தில் அந்த வாரத்து அறிவிப்பு எப்படி இருக்கும்? கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். நானாக இருந்தால் அந்த வாரம் விடியற்காலையோடு முடித்துக்கொள்வேன், இல்லாவிட்டால் குளிர்ந்த நீர் உள்ள மேல் ஓடைக்குப் போவேன்.

ஃப்ரீசரை மறப்பது

நாள் வரம்பு வேறு, கைவசம் வைத்திருக்கும் வரம்பு வேறு. பல இடங்களில் வீட்டு ஃப்ரீசரில் இருப்பதும் கணக்கில் சேரும்.