கிணற்று நீச்சல் தெரிந்தால் போதாது: ஹெலிகாப்டர் தப்பித்தல் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வெல்டராகவும் பிட்டராகவும், பாரம் தூக்கிக் கட்டும் ரிக்கருக்கு உதவியாளாகவும், கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்கு ஹெலிகாப்டரில் வேலைக்குப் போக நினைக்கும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, நீச்சல் தெரியும், அந்த ஹியூட் கோர்ஸ் சுலபம்தானே?" என்பது. ஹியூட் என்றால் தண்ணீரில் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பிக்கும் பயிற்சி. நீச்சல் தெரிவது நல்லதுதான். ஆனால் நம் பக்கத்துக் கிணறுகளில் கற்றுக்கொண்ட பழக்கங்களில் சில, தண்ணீருக்குள் கவிழ்ந்த ஹெலிகாப்டரில் ஆளையே அடைத்துவிடும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஹெலிகாப்டரின் கனமெல்லாம் மேலே இருக்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், சுழலும் இறக்கைகள் எல்லாமே பயணிகளின் தலைக்கு மேல். அதனால் கடலில் இறங்கினால் பெரும்பாலும் அது அப்படியே குப்புறக் கவிழும். பக்கவாட்டில் மிதவைப் பைகள் இருந்தாலும் அலை பெரிதாக இருந்தால் உறுதி சொல்ல முடியாது. கவிழ்ந்ததும் தரை மேலே, கூரை கீழே. நீங்கள் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குகிறீர்கள், மூக்கில் தண்ணீர் ஏறுகிறது, கண்ணுக்கு எதுவும் தெரியாது. கிணற்றில் மூழ்கினால் வெளிச்சம் வரும் பக்கம்தான் மேலே. காலை உதைத்தால் வந்துவிடலாம். இங்கே அந்த உதை உங்களைக் கொண்டுபோய் ஹெலிகாப்டரின் தரையில் முட்ட வைக்கும். அங்கே வழி கிடையாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பெல்ட்டை முதலில் கழற்றுவது. பயத்தில் கை தானாக அங்கேதான் போகும். வரிசை வேறு. விழப்போகிறது என்று தெரிந்ததும் குனிந்து உடலை இறுக்கிக்கொண்டு, ஒரு கையால் பக்கத்து ஜன்னல் சட்டத்தையோ அதன் அருகில் அசையாத ஒன்றையோ பிடித்துக்கொள்ள வேண்டும். ஹெலிகாப்டர் கவிழ்ந்து, தண்ணீர் நிறைந்து, அசைவு நிற்கும் வரை பொறுக்க வேண்டும். அதன் பிறகு ஜன்னலை வெளியே தள்ள வேண்டும். ஜன்னல் போன பிறகுதான் பெல்ட்.

ஏன் இப்படி? பெல்ட் உங்களை இருக்கையோடு கட்டி வைத்திருக்கும்போதுதான் ஜன்னலைத் தள்ள உடம்புக்கு ஊன்றுகோல் கிடைக்கிறது. பெல்ட் இல்லாமல் தள்ளினால் ஜன்னல் அசையாது, நீங்கள்தான் பின்னால் போவீர்கள். உடுப்பிலும் ஜாக்கெட்டிலும் உள்ள காற்று வேறு உங்களைத் தரைப்பக்கம் தூக்கிவிடும். பிறகு இருட்டில் அந்த ஜன்னலை மறுபடி தேடிப் பிடிப்பது அநேகமாக நடக்காத காரியம்.

பிடித்த கையை விடுவது அடுத்த தவறு. தலைகீழானதும் மூளைக்கு இடமும் வலமும் குழம்பிவிடும். கைக்குக் குழப்பம் வராது. ஜன்னல் எனக்கு வலப்பக்கம் இருந்தது என்றால் கவிழ்ந்த பிறகும் அது என் உடம்புக்கு வலப்பக்கம்தான். அந்தக் கையைப் பிடியாக வைத்துக்கொண்டு உடலை இழுத்து வெளியேற வேண்டும். இடுப்பு வெளியே வரும் வரை பிடியை விடக் கூடாது. கால் உதைக்கவும் கூடாது. பின்னால் வருபவரின் முகம் அங்கேதான் இருக்கும்.

பெல்ட் பூட்டையும் சொல்ல வேண்டும். கார் ஓட்டிப் பழகியவர்களின் கை பதற்றத்தில் இடுப்பின் ஓரத்தில் பட்டனைத் தேடும். ஹெலிகாப்டரில் பூட்டு வயிற்றுக்கு நடுவில் இருக்கும். திருகித் திறப்பதாகவோ தூக்கித் திறப்பதாகவோ அமையும். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடி அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள். இந்தப் பழக்கத்தை வேலூர்–சென்னை பஸ்ஸிலேயே தொடங்கலாம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடி, சட்டம் எங்கே, அவசர வழி எத்தனை சீட் தள்ளி என்று கையாலேயே கணக்குப் போடுங்கள். காசு செலவில்லாத பயிற்சி இது.

கோர்ஸுக்கு முன்னால் ஊர்க் கிணற்றில் தம் கட்டிப் பழகுகிறேன் என்று சிலர் இறங்குகிறார்கள். மூச்சை வேகவேகமாகப் பல தடவை இழுத்துவிட்டுப் பிறகு முங்குவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அப்படி மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை எழுப்புவது அந்த வாயுதான். தவிப்பே வராமல் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

அவசர மூச்சுக் கருவி கொடுக்கும் பயிற்சியில் நேர்மாறான எச்சரிக்கை வேண்டும். அழுத்தக் காற்றை இழுத்துவிட்டு, தம் கட்டியபடியே மேலே வரக் கூடாது. மேலே வர வர அழுத்தம் குறையும், நுரையீரலில் உள்ள காற்று விரியும். ஆழமில்லாத குளத்திலும் அது நுரையீரலைக் கிழிக்கக்கூடும். மெல்ல மூச்சை விட்டுக்கொண்டே வர வேண்டும். கிணற்றில் முங்கிப் பழகியவர்கள் இதை மனதில் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது.

லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதிவிடுவது உயிரைப் பறிக்கும் தவறு. 1996 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கொமொரோஸ் தீவுகளை ஒட்டிய கடலில் விழுந்தது. அதில் 125 பேர் இறந்தார்கள். விமானத்துக்குள்ளேயே ஜாக்கெட்டை ஊதிக்கொண்ட பலர், தண்ணீர் ஏறியபோது வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். விமானத்துக்குச் சொன்னதுதான் ஹெலிகாப்டருக்கும். முழு உடம்பும் வெளியே வந்த பிறகே கயிற்றை இழுக்க வேண்டும்.

வெளியே வந்த பிறகு நீந்திக் கரை சேரலாம் என்று நினைப்பதும் வேண்டாம். மும்பை ஹை எண்ணெய் வயல் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். 2021 மே மாதம் டவ்தே புயலில் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 என்ற பார்ஜ் (மிதவைக் கலம்) மூழ்கியபோது அதிலிருந்த 261 பேரில் 186 பேரைக் கடற்படை உயிரோடு மீட்டது. அவர்களில் பலர் ஜாக்கெட்டோடு பல மணி நேரம் அலையில் மிதந்து காத்திருந்தவர்கள். தண்ணீரில் ஒருவரையொருவர் பிடித்துக் கூட்டமாக இருக்க வேண்டும். தேடுபவர்கள் கண்ணிலும் படும், சூடும் தங்கும். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டின் தொடையிடைப் பட்டையை இறுக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஜாக்கெட் முகத்துக்கு ஏறிவிடும். கடல் தண்ணீரைக் குடிக்காதீர்கள். நம் கடல் வெதுவெதுப்பானது, குளிர் ஒன்றும் செய்யாது என்ற எண்ணமும் தவறு. உடம்புச் சூட்டைவிடக் குறைந்த தண்ணீர் எதுவாக இருந்தாலும் நேரம் போகப் போகச் சூட்டை உறிஞ்சும்.

சளி, காது வலி, மூக்கடைப்பு, ரத்த அழுத்தம் எதையும் மறைத்துக்கொண்டு பயிற்சிக் குளத்தில் இறங்காதீர்கள். தலைகீழாகத் தொங்கும்போது அடைத்த மூக்கும் காதும் சித்திரவதை. தேதி தள்ளிப்போகும் என்று பயந்து மறைப்பவர்கள்தான் பாதியில் வெளியேறி முழுக் கட்டணத்தையும் இழக்கிறார்கள். பயமாக இருந்தால் அதையும் பயிற்சியாளரிடம் சொல்லலாம். குளத்துக்குள் டைவர் நிற்பது அதற்காகத்தான்.

கடைசியாகச் சான்றிதழ். தண்ணீரில் இறங்காமலே வாங்கித் தருகிறேன் என்கிற ஏஜெண்ட் உங்கள் உயிரை விற்கிறார். கடல் எண்ணெய்த் துறைப் பயிற்சிக்கான தர அமைப்பான ஓபிட்டோவின் அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் முடிக்க வேண்டும். அதன் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நிறுவனங்கள் சரிபார்க்கும். வெப்பக் கடலுக்கான டிராபிக்கல் வகையை முடித்தவர்களை வடகடல் வேலைக்கு ஏற்க மாட்டார்கள். அதனால் எந்த நாடு, எந்த நிறுவனம் என்று தெரிந்த பிறகு பணம் கட்டுங்கள். ஹியூட்டையும் உள்ளடக்கிய அடிப்படைக் கடல் பாதுகாப்புப் பயிற்சிதான் போசியட்; அதன் சான்றிதழ் 4 ஆண்டுகள் செல்லும். காலாவதியாகும் முன்பே ஃபோயெட் என்ற புதுப்பிப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். தேதி தாண்டிவிட்டால் முழு போசியட்டையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.