ஜி 29-38: ஒரு வெண்குறுமீனின் துடிப்பை வீட்டிலிருந்தே அளப்பது எப்படி?

செப்டம்பர் நடுவில், நள்ளிரவில் திருகோணமலை நிலாவெளிக் கரையில் நின்று அண்ணாந்தால் ஜி 29-38 என்ற வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) கிட்டத்தட்ட தலைக்கு நேரே, மீன ராசிக்குள் இருக்கும். ஆனால் பிரகாச அளவு 13 (எண் கூடக் கூட மங்கல்) என்பதால் வெறுங்கண்ணுக்குப் படாது. ஐப்பசி பிறந்தால் மாரி முகில் வேறு. அதற்காகத் தொலைகாட்டி வாங்க ஓட வேண்டாம். நாசாவின் டெஸ் விண்கலம் அளந்து வைத்த தரவு இலவசமாகவே கிடைக்கிறது.

இந்த விண்மீன் சுமார் 57 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. வெளிப்படலம் ஐதரசன். இவ்வகை மீன்கள் 12,000 கெல்வினை ஒட்டிய குறுகிய வெப்பநிலை எல்லைக்குள் வரும்போதுதான் துடிக்கத் தொடங்கும். மீன் ஊதிச் சுருங்குகிறது என்று நினைக்க வேண்டாம். மேற்பரப்பின் திட்டுகள் சூடாகி ஆறுவதால்தான் ஒளி ஏறி இறங்குகிறது.

படி 1: தரவு
விண்தொலைநோக்கித் தரவுகளைச் சேர்த்து வைக்கும் மாஸ்ட் இணையக் காப்பகத்தில் மீனின் பெயரைத் தேடுங்கள். 42ஆம், 56ஆம் செக்டர்களில் (டெஸ் வானத்தைப் பகுதி பகுதியாகப் பார்க்கும் தவணைகள்) தரவு உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 நாள். 20 செக்கன் இடைவெளிக் கோப்பையே எடுங்கள் (பெயரில் 'ஃபாஸ்ட்' என்றிருக்கும்). 120 செக்கனுக்கு ஒரு புள்ளி என்றால், 240 செக்கனை விடக் குறுகிய அலைவுகள் வேறொரு மீடிறனில் (அலைவு நிகழும் வேகம்) பொய்யாக வந்து நிற்கும்.

படி 2: சுத்தம்
டாப்கேட் மென்பொருளில் கோப்பைத் திறந்து, தரக்குறியீடு 0 (பழுது இல்லை என்று பொருள்) உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய ஒளி அளவைச் சராசரியால் வகுத்து 1ஐக் கழியுங்கள். நேரம், ஒளி என இரண்டே நிரல்களைச் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமியுங்கள்.

படி 3: மீடிறன்
கோப்பை பீரியட்04 மென்பொருளில் ஏற்றி, 0 முதல் 1000 வரை ஃபூரியர் கணக்கு ஓட விடுங்கள். ஒளியில் எந்தெந்த மீடிறன்கள் கலந்திருக்கின்றன என்பதை அது உச்சிகளாகக் காட்டும். நேரம் நாளில் இருப்பதால் மீடிறன் 'நாளொன்றுக்கு இத்தனை சுற்று' என்று வரும். 86,400ஐ அதனால் வகுத்தால் அலைவு காலம் செக்கனில் கிடைக்கும். 140 சுற்று என்றால் 617 செக்கன்.

படி 4: உரித்தெடுத்தல்
பொறுமை வேண்டிய இடம் இதுதான். மிக உயரமான உச்சிக்கு ஒரு சைன் அலையைப் பொருத்துங்கள், அதைத் தரவிலிருந்து கழியுங்கள், மிச்சத்தில் மறுபடி தேடுங்கள். உச்சியின் வீச்சம் (உயரம்) சுற்றியுள்ள இரைச்சலைப் போல 4 மடங்காவது இல்லாவிட்டால் நிறுத்திவிடுங்கள். என்னைக் கேட்டால் தொடக்கத்தில் 5 மடங்கு கேட்பதே நல்லது. உச்சிகள் கூடக் கூட ஆசையும் கூடும்!

அப்புறம், கிடைத்ததெல்லாம் தனித் துடிப்பு என்று எடுத்துவிடாதீர்கள். ஒரு மீடிறன் வேறொன்றின் இரு மடங்காகவோ, இரண்டின் கூட்டுத்தொகையாகவோ இருந்தால் தனியே குறித்து வையுங்கள். மேற்காவுகைப் படலம் (வெப்பத்தால் வாயு கொதித்துப் புரளும் மேலடுக்கு) அலையின் வடிவத்தைக் குலைப்பதால் வரும் எதிரொலிகள் அவை. சம இடைவெளியில் மூன்று உச்சிகள் நின்றால் மீனின் சுழற்சியைச் சந்தேகிக்கலாம். எளிய மும்மை (சுழற்சியால் மூன்றாகப் பிரிந்த ஒரே துடிப்பு) என்றால், உச்சிகளுக்கிடையிலான இடைவெளியை இரட்டித்து 1ஐ அதனால் வகுத்தால் சுழற்சிக் காலம் நாளில் வரும்.

இரண்டு செக்டர்களையும் ஒட்டிவிட வேண்டாம். இந்த மீனில் ஓராண்டு ஓங்கிய உச்சி மறு ஆண்டில் அடங்கிப்போகும். தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுங்கள். இது சிக்கலாகத் தோன்றினால் ஜி 117-பி15ஏ மீனுக்குப் போங்கள். அதன் 215 செக்கன் துடிப்பு பல பத்தாண்டுகளாக அசையாமல் நிற்கிறது. மங்கலான மீன்தான். அங்கும் 120 செக்கன் கோப்பைத் தொடாதீர்கள்.