டோக்கியோ சோசாய்க் கடையில் முதல் மதிய உணவு: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் மதிய உணவை எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால், ராமென் கடையையோ சுஷிக் கடையையோ நான் சொல்வதில்லை. சோசாய்க் கடைக்குப் போகச் சொல்கிறேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதற்காகச் சமைத்து ஆயத்தமாக வைத்திருக்கும் பொரியல், வறுவல், வேகவைத்த காய், சாலட் ஆகிய எல்லாவற்றுக்கும் சோசாய் என்பது பொதுப்பெயர். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும் தட்டுகளைப் பார்த்து, விரலால் சுட்டிக்காட்டி, வேண்டிய அளவு மட்டும் வாங்கலாம் என்பதால் மொழி தெரியாதவருக்கு இதைவிட எளிய இடம் கிடையாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில பொருள்களும் அந்தத் தட்டுகளில் கலந்திருக்கின்றன. சைவம் சாப்பிடுகிறவர்கள் நான்காம் படியைப் படிக்காமல் கடைக்குள் போக வேண்டாம்.

படி 1: கடையும் நேரமும்

பெரிய பல்பொருள் அங்காடிகளின் நிலத்தடித் தளத்தில் இருக்கும் உணவுக்கூடத்துக்கு டெபாச்சிக்கா என்று பெயர். ஷின்ஜுகுவில் உள்ள இசேத்தான், நிஹோன்பாஷியில் உள்ள மிட்சுகோஷி போன்ற இடங்களில் சோசாய் வகைகள் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு இருந்தாலும், அங்கே பெரும்பாலான கடைகள் பார்சல் மட்டுமே தருகின்றன. குடியிருப்புப் பகுதிகளின் கடைத்தெருக்களில் இருக்கும் சிறிய கடைகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே முதல் முறைக்கு, இரயில் நிலையத்தையோ அலுவலகக் கட்டடங்களையோ ஒட்டி, நாற்காலி மேசை போட்டிருக்கும் கடையாகப் பாருங்கள்.

அலுவலக ஊழியர்கள் 12 மணி முதல் 1 மணி வரை மொத்தமாக இறங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு தட்டையும் நிதானமாகப் பார்க்க முடியாது. பின்னால் நிற்பவர்களுக்கும் சங்கடம். 11.30 மணிக்கே போய்விடுவது நல்லது, அப்போதுதான் தட்டுகளும் நிறைந்திருக்கும்.

படி 2: இடம் பிடித்தல்

கவுன்ட்டரில் சொல்லிவிட்டு நாமே டிரேயை எடுத்துச் செல்லும் கடைகளில், முதலில் இடம் பிடித்துவிட்டு வரிசையில் நிற்பதுதான் வழக்கம். நம் ஊர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதைப் போலவே இங்கே மேசைமேல் ஒரு கைக்குட்டையை வைத்துவிட்டுப் போகிறார்கள், அதை யாரும் நகர்த்துவதில்லை. தண்ணீரை நாமே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

படி 3: தட்டை அமைத்தல்

பல கடைகளில் மதியத்துக்கென்று ஒரு தொகுப்பு இருக்கும்: முதன்மையான ஒன்று, துணைக்கு இரண்டு, சோறு, புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவைக் கரைத்த சூப். முதன்மையானது பொரித்த கோழியான கராகேயாகவோ உப்பிட்டுச் சுட்ட மீனாகவோ இருக்கும். துணை வகைகளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைச் சோறா, சிறுதானியம் கலந்த சோறா என்று கேட்டால் இரண்டாவதைச் சொல்லிப் பாருங்கள்.

தொகுப்பு வேண்டாம் என்றால் எடைக்கு வாங்கலாம். சீட்டில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு உரியது என்பதை மறக்கக் கூடாது. 380 யென் என்று போட்டிருக்கும் சாலட்டை 250 கிராம் வாங்கினால் 950 யென் ஆகிவிடும். ஒருவருக்கு ஒரு வகையில் 100 கிராம் தாராளமாகப் போதும், மூன்று வகை வாங்கினாலே சோற்றுடன் வயிறு நிறையும். தட்டைக் காட்டி, ‘கொரே, ஹ்யாக்கு குராமு குதசாய்’ என்றால், ‘இதில் நூறு கிராம் கொடுங்கள்’ என்று பொருள். பணியாளர் நீண்ட இடுக்கியால் எடுத்துத் தராசில் வைப்பார். எண் 108 என்று நின்றால், கையை அப்படியே நிறுத்தி, சற்றுக் கூடிவிட்டது, பரவாயில்லையா என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். தலையசைத்தால் போதும். எட்டுக் கிராமுக்குக்கூட வாடிக்கையாளரின் சம்மதத்தைக் கேட்கும் அந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

எதை முதலில் வாங்குவது என்று தெரியாவிட்டால் கின்பிரா கோபோவைச் சொல்லுங்கள். கோபோ என்ற மண்வாசனை கொண்ட கிழங்கைத் தீக்குச்சி போல மெலிதாக நறுக்கி, கேரட்டுடன் எள்ளெண்ணெயில் வதக்கி, சோயா சாஸும் இனிப்பும் சேர்த்துச் சுண்டவைத்து, மிளகாயைச் சிறு வளையங்களாகத் தூவியிருப்பார்கள். கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும். காரம் தேடும் நம் நாக்குக்கு அதுவே முதல் உறவாகும்.

படி 4: கண்ணுக்குத் தெரியாதவை

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. வேகவைத்து, உலர்த்தி, புகையூட்டிய கட்சுவோ மீனின் சீவல்களிலிருந்தோ, கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்தோ, இரண்டும் சேர்த்தோ அதை எடுக்கிறார்கள். வெறும் காயாகத் தெரியும் பண்டம்கூட மீன்சாற்றில் வெந்ததாக இருக்கலாம். சைவம் சாப்பிடும் நான், இந்த ஊருக்கு வந்த புதிதில், மஞ்சள் பூசணியை வேகவைத்த கபோச்சா வகையை ஒரு மாதம் முழுவதும் சைவம் என்று நம்பிச் சாப்பிட்டேன். ஒருநாள் கேட்டபோது, கவுன்ட்டரில் இருந்த மூதாட்டி உள்ளே போய், தச்சர் இழைப்புளியிலிருந்து விழும் சீவலைப் போல மெலிந்து, வெளிர்சிவப்பாக இருந்த மீன்சீவல்கள் நிறைந்த பையை எடுத்துவந்து காட்டினார். அன்றிலிருந்து கேட்காமல் எதையும் வாங்குவதில்லை.

மிசோ சூப், ஹிஜிகி கடற்பாசி, முட்டைச் சுருளான தாமகோயாகி, இனாரி சுஷியில் சோற்றைப் பொதியும் பொரித்த டோஃபுப் பை ஆகியவற்றில் தாஷி இருப்பதே பொதுவானது. உருளைக்கிழங்கு சாலட்டில் பெரும்பாலும் பன்றித்தொடை இறைச்சியான ஹாம் பொடியாக நறுக்கிக் கலந்திருக்கும். கொரொக்கே என்னும் உருளைக்கிழங்கு கட்லெட்டில் கொத்துக்கறி கலப்பார்கள். இறைச்சிக் கடைகளில் அதைப் பன்றிக்கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. மது விலக்குகிறவர்கள், இனிப்பூட்டச் சேர்க்கும் மிரினும் சமையல் சாக்கேயும் சாராயம் கொண்டவை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஒவ்வாமை அட்டவணை இதற்கு உதவாது. முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்றவற்றை அதில் காணலாம். கட்சுவோ அந்தப் பட்டியலில் இல்லை. பொதியில் அடைத்து விற்பவற்றில் மூலப்பொருள்கள் அச்சிட்டிருக்கும் என்றாலும், கண்முன் எடுத்து எடைபோட்டுத் தருபவற்றுக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே, ‘கட்சுவோ தாஷி ஹாயித்தே இமாஸ் கா?’, அதாவது ‘கட்சுவோ சாறு சேர்த்திருக்கிறதா?’ என்று கேட்பதே வழி. இறைச்சிக்கு ‘நிக்கு’ என்ற சொல்லை வைத்துக் கேளுங்கள். உப்பிட்டு வேகவைத்த பச்சைச் சோயாக் காயான எதாமாமே, உப்பு மட்டும் சேர்த்துப் பிடித்த சோற்றுருண்டையான ஷியோ முசுபி ஆகியவை பெரும்பாலும் பாதுகாப்பானவை.

படி 5: பணம் செலுத்துதல்

இங்கேயே சாப்பிடவா, பார்சலா என்ற கேள்வி இங்கு வரிக்கும் உரியது. 2019 அக்டோபர் 1 முதல் கடையிலேயே சாப்பிட்டால் நுகர்வு வரி 10 சதவீதம், எடுத்துச்சென்றால் 8 சதவீதம். உள்ளே சாப்பிட ‘தென்னாய்’ என்றும், பார்சலுக்கு ‘மொச்சிகாயேரி’ என்றும் சொல்லுங்கள். பார்சல் என்று சொல்லிவிட்டு உள்ளே உட்காருவது நேர்மையாகாது. நோட்டையும் சில்லறையையும் கையில் கொடுக்காமல் கல்லாவுக்கு அருகே இருக்கும் சிறு தட்டில் வைக்க வேண்டும். டிப்ஸ் கிடையாது. பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலை முதல் தனிக் காசு என்பதால் பை கொண்டுபோங்கள்.

படி 6: சாப்பிடுதல்

கைகூப்பி ‘இத்ததாக்கிமாஸ்’ என்று சொல்லித் தொடங்குகிறார்கள். சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் ஏந்தி, தொடுகறியில் ஒரு வாய், சோற்றில் ஒரு வாய் என்று மாறிமாறிச் சாப்பிடுவதே முறை. எல்லாவற்றையும் சோற்றில் கொட்டிப் பிசைவதில்லை. சூப்பைக் கிண்ணத்திலிருந்தே உறிஞ்சிக் குடிக்கலாம். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். ஒருவர் குச்சியிலிருந்து மற்றொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பு எடுக்கும் சடங்கை அது நினைவூட்டும்.

முடித்ததும் டிரேயைத் திருப்பி வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, ‘கொச்சிசோசமா தெஷ்தா’ என்று கவுன்ட்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். பிடித்துப்போன வகையில் இரவுக்கு 100 கிராம் வேண்டுமானால் அப்போதே கட்டிக்கொள்ளலாம். இந்த முறை ‘மொச்சிகாயேரி’ என்று சொல்ல வேண்டும்.